ஹார்டு டிஸ்க்கைத் தாங்கும் யுஎஸ்பி ஹப்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது. அதையே ஹப்பில், அதாவது ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் கருவியில், செருகினால் உள்ளே தட்டு சுழல முயல்கிறது, ‘டிக்’ என்று ஒரு சத்தம், நின்றுவிடுகிறது, மறுபடி முயல்கிறது. சாதனம் வந்துவிட்டது என்ற ஓசையும் போய்விட்டது என்ற ஓசையும் விண்டோஸில் மாறி மாறிக் கேட்கின்றன. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, டேட்டா மீட்டுத் தரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த இடத்தில்தான். அதற்கு முன் டிஸ்க்கை உடனே கழற்றுங்கள். திரும்பத் திரும்ப அரைகுறையாகச் சுழன்று நிற்பது அதற்கு நல்லதல்ல. பிறகு ஹப்பைப் பாருங்கள். நேரடியாகச் செருகினால் ஓடுகிற டிஸ்க் ஹப்பில் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், அதற்கு வேண்டிய மின்னோட்டம் போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, தனி அடாப்டர் வைத்த ஹப் வாங்குவது. சரியான தீர்வுதான். ஆனால் அடாப்டர் இருக்கிறது என்பதாலேயே போதுமான மின்னோட்டம் கிடைத்துவிடாது. 7 போர்ட் போட்டு, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைக் கூட வைத்து விற்கிறார்கள். போர்ட்டுக்கு 300 மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. பார்க்க வேண்டியது மூன்று: உங்கள் சாதனங்கள் எல்லாம் சேர்ந்து கேட்பது எவ்வளவு, அடாப்டர் தருவது எவ்வளவு, நடுவில் கேபிளிலும் ஹப்பின் சர்க்யூட்டிலும் இழப்பது எவ்வளவு. போர்ட் எண்ணிக்கை இதற்கெல்லாம் பிறகுதான்.

ஒரு போர்ட் எவ்வளவு தர வேண்டும்

யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும். யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை. 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று பிறகு பெயர் மாறியதெல்லாம் அதே 5 ஜிகாபிட் போர்ட்தான். பெயர் ஏறியதால் மின்னோட்டம் ஏறவில்லை. போன் சார்ஜ் செய்வதற்கென்று வந்த பேட்டரி சார்ஜிங் 1.2 விதியைப் பின்பற்றும் போர்ட் 1.5 ஆம்பியர் தரும். டைப்-சி போர்ட் 1.5 அல்லது 3 ஆம்பியர் தருவதாக அறிவிக்கலாம். அறிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. எல்லாமே 5 வோல்ட்டில்.

அடாப்டர் இல்லாத ஹப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கணினியின் யுஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து 500 மில்லி ஆம்பியர் வருகிறது. அதில் 100-ஐ ஹப் தனக்கு வைத்துக்கொள்ளும். மிச்சம் 400, நான்கு போர்ட்டுக்கு ஆளுக்கு 100. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் ஓடும். ஹார்டு டிஸ்க்குக்கு எங்கே போவது? 3.0 ஹப் என்றாலும் 900 மில்லி ஆம்பியரை 150, 150 ஆகப் பங்கிட வேண்டியதுதான். மலிவான ஹப்கள் இந்தப் பங்கீட்டைக் காவல் காப்பதில்லை. அதனால் ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் செருகினால் ஓடிவிடும். ‘போன வாரம்வரை நன்றாகத்தானே ஓடியது’ என்று குழம்புவது, அதே ஹப்பில் இரண்டாவது சாதனம் ஏறும்போதுதான்.

சாதனம் கேட்பது எவ்வளவு

2.5 இன்ச் ஹார்டு டிஸ்க் கோப்புகளைப் படித்து எழுதும்போது அரை ஆம்பியர் அளவில் எடுக்கும். ஆனால் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் 1 ஆம்பியர் வரை போகும். கணக்கில் எழுத வேண்டியது இந்த உச்ச அளவைத்தான். சராசரியை எழுதினால் காலையில் கணினியைத் திறந்ததும் எல்லா டிஸ்க்கும் ஒன்றாக எழும்பும்போது ஹப் படுத்துவிடும். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதற்கு அதன் சொந்த அடாப்டர்தான் வழி, எந்த ஹப்பும் உதவாது.

எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிரைவ். அதில் சுழல்வது எதுவும் இல்லை, அதனால் குறைவாக எடுக்கும் என்று நினைக்க வேண்டாம். சாட்டா என்ற பழைய வகை எஸ்எஸ்டி பரவாயில்லை, 1 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை வெளியே வைக்கும் யுஎஸ்பி பெட்டியில் போட்டு 10 ஜிகாபிட் வேகத்தில் பெரிய கோப்பு எழுதினால், டிரைவும் அதை யுஎஸ்பியோடு இணைக்கும் பிரிட்ஜ் சிப்பும் சேர்ந்து 1.5 ஆம்பியரைத் தாண்டக்கூடும். 900 மில்லி ஆம்பியர் போர்ட்டில் அது சின்னக் கோப்புக்கு ஓடும், 40 ஜிபி வீடியோவை நகலெடுக்கும்போது பாதியில் காணாமல் போகும். வெளியே வைக்கும் டிவிடி ரைட்டரும் இந்த ரகம்: படிக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுதத் தொடங்கி லேசர் முழு வலுவில் எரியும்போது விழும்.

மற்றவை: வெப்கேம், ஆடியோ இன்டர்ஃபேஸ் இரண்டும் 500 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும்படியே பொதுவாக வடிவமைக்கிறார்கள். கணினியில் ரேடியோ அலைகளைப் பிடிக்க உதவும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் 300-ஐ ஒட்டி எடுக்கும், நாள் முழுக்க. கீபோர்டு, மவுஸ் ஆளுக்கு 100 என்று எழுதினால் தாராளம். வண்ண விளக்கு எரியும் கேமிங் கீபோர்டு மட்டும் விலக்கு, அதற்கு 500 எழுதுங்கள்.

உங்கள் சாதனத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க முதலில் லேபிளைப் பாருங்கள். டிஸ்க்கின் முதுகில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியர் அளவு பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அடுத்து, சாதனம் கணினியிடம் தானே சொல்லும் கணக்கு. விண்டோஸில் யுஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருள் காட்டும்; லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb -v) கட்டளையின் விரிவான வெளியீட்டில் ‘மேக்ஸ்பவர்’ என்ற வரியில் இருக்கும். ஹார்டு டிஸ்க் பெட்டிகள் பலவற்றில் 896 மில்லி ஆம்பியர் என்ற விநோதமான எண்ணைக் காண்பீர்கள். 3.0 சாதனங்கள் 8 மில்லி ஆம்பியர் படிகளில் அறிவிக்க வேண்டும். 112 படி எடுத்தால் 896, அதாவது 900-க்கு உள்ளே கிடைக்கும் கடைசிப் படி. ‘இருப்பது அத்தனையும் எனக்கு வேண்டும்’ என்று அது கேட்கிறது, அவ்வளவுதான். உண்மையில் எடுப்பது இதைவிடக் குறைவாகவோ, தட்டு எழும்பும்போது கூடுதலாகவோ இருக்கும். சில பெட்டிகள் எதுவுமே வேண்டாம் என்பதுபோல மிகச் சிறிய எண்ணைச் சொல்லிவிட்டு 1 ஆம்பியர் இழுக்கும்.

ஆகவே நம்பத்தகுந்தது அளந்து பார்ப்பதுதான். போர்ட்டுக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகும் சின்ன யுஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதாக வாங்குங்கள். 3.0 பின்கள் இல்லாத மீட்டர் வழியாகச் செருகினால் டிஸ்க் 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். அப்போது அது எடுக்கும் மின்னோட்டமும் குறைத்துக் காட்டும். எஸ்எஸ்டியை அளக்க 3.0 மீட்டரே வேண்டும்.

கூட்டிப் பாருங்கள்

வீட்டில் வீடியோ எடிட் செய்யும் ஒருவரின் மேசையை எடுத்துக்கொள்வோம். இரண்டு 2.5 இன்ச் ஹார்டு டிஸ்க், எழும்பும் உச்சத்தில் 2 ஆம்பியர். ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு 0.9. வெப்கேம் 0.5, ஆடியோ இன்டர்ஃபேஸ் 0.5. கீபோர்டும் மவுஸும் 0.2. ஹப்பின் சொந்தச் செலவுக்கு 0.2. மொத்தம் 4.3 ஆம்பியர். அடாப்டரை அதன் முழு அளவுக்கு ஓட்டினால் சூடேறி, வோல்டேஜ் இறங்கி, சில வருடத்தில் அதன் கெப்பாசிட்டர்கள் உப்பிவிடும். கால் பங்கு கூடுதலாக வையுங்கள். 4.3-ஐ 1.25 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.4. இந்த மேசைக்கு 5 வோல்ட் 6 ஆம்பியர் அடாப்டர் வேண்டும், அல்லது 12 வோல்ட் 3 ஆம்பியர். கடையில் பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் 4 ஆம்பியர் ஹப்பை இவர் வாங்கினால் எல்லாம் நின்று நிதானமாக ஓடும்வரை பிரச்சினை தெரியாது. இரண்டு டிஸ்க்கும் ஒருசேர எழும்பும் அன்றைக்குத் தெரியும்.

12 வோல்ட் எப்படிக் கணக்கில் வருகிறது? ஆம்பியரை அப்படியே எடுக்கக்கூடாது, வாட்டில் மாற்ற வேண்டும். 12 × 3 = 36 வாட். ஹப்புக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் அதை 5 வோல்ட்டாக இறக்கும்போது 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். மிச்சம் 31 வாட் அளவு. 5 ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டில் தேர்வு கிடைத்தால் 12 வோல்ட் ஹப்பையே எடுங்கள். அடாப்டரிலிருந்து ஹப் வரை வரும் ஒன்றரை மீட்டர் வயரில் 5 வோல்ட் ஹப்புக்கு 6 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். வயரில் இழக்கும் வோல்டேஜ் பாதியாகக் குறைகிறது, இழந்ததையும் ஹப்புக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் சரிக்கட்டிவிடுகிறது. 5 வோல்ட் ஹப்பில் வயரில் போனது போனதுதான், சாதனத்துக்கு அவ்வளவும் குறையும்.

போர்ட் எண்ணிக்கையை வைத்தும் ஒரு ஹப்பைச் சட்டென்று எடைபோடலாம். எல்லாப் போர்ட்டும் 3.0 என்றால் எண்ணிக்கையை 0.9 ஆல் பெருக்குங்கள். 4 போர்ட்டுக்கு 3.6 ஆம்பியர், 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் சரியாகப் பொருந்தும். 7 போர்ட்டுக்கு 6.3, 12 வோல்ட் 3 ஆம்பியர் ஒட்டிவரும், 12 வோல்ட் 4 ஆம்பியர் நிம்மதி. 10 போர்ட்டுக்கு 9 ஆம்பியர், 12 வோல்ட் 5 ஆம்பியர் வேண்டும். இதைவிடக் குறைவான அடாப்டருடன் வந்தால் எல்லாப் போர்ட்டும் ஒருசேர முழு அளவு தராது என்று பொருள். உங்கள் தேவை குறைவாக இருந்தால் அதனால் நஷ்டமில்லை, தெரிந்து வாங்குங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

‘100 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்ட டைப்-சி ஹப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த 100 வாட், சார்ஜரிலிருந்து ஹப் வழியாக லேப்டாப்புக்குப் போகும் அளவு. பக்கத்தில் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குக் கிடைப்பது வேறு. அவை எல்லாமாகச் சேர்ந்து 1.5 அல்லது 2 ஆம்பியரைப் பங்கிட்டுக்கொள்ளும்படி பல ஹப்களில் வைத்திருக்கிறார்கள். அந்த எண் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எழுதப்படவில்லை என்றால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை ஹப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ஜரைச் செருகும்போதோ கழற்றும்போதோ லேப்டாப்பும் ஹப்பும் யார் யாருக்கு மின்சாரம் கொடுப்பது என்று மறுபடி பேசி முடிவு செய்யும். அந்த இடைவெளியில் பல ஹப்களில் யுஎஸ்பி சாதனங்கள் ஒருமுறை விழுந்து எழும். ஹார்டு டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜரைத் தொடாதீர்கள்.

‘ஃபாஸ்ட் சார்ஜிங் 2.4 ஆம்பியர்’ என்று ஓரமாக வேறு நிறத்தில் இருக்கும் போர்ட் போனுக்கானது. பல ஹப்களில் அதில் டேட்டா வயரே கிடையாது. 10 போர்ட் என்று எண்ணி வாங்கி, அதில் 3 வெறும் சார்ஜிங் என்று வீட்டுக்கு வந்து தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

‘அடாப்டர் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்ற ரகம் இணையக் கடைகளில் ஏராளம். ஓரத்தில் ஒரு துளை மட்டும் இருக்கும். அது மைக்ரோ யுஎஸ்பி துளை என்றால் அதன் மின்பின்களின் அளவே 1.8 ஆம்பியர்தான், எத்தனை பெரிய அடாப்டரை மாட்டினாலும் அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. டைப்-சி துளை என்றால் உங்கள் 33 வாட், 65 வாட் போன் சார்ஜரை மாட்டினால் ஆயிற்று என்று தோன்றும். அந்த வாட்டெல்லாம் 9 வோல்ட், 11 வோல்ட், 20 வோல்ட்டில் கிடைப்பது. ஹப் பேரம் பேசிக் கேட்காவிட்டால் சார்ஜர் 5 வோல்ட்டில் 2 அல்லது 3 ஆம்பியர் மட்டுமே தரும். இன்னும் மலிவான ஹப்களில் சி துளையில் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களையும் விட்டுவிடுகிறார்கள். அப்போது இருபுறமும் சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது. பழைய ஏ முனை சார்ஜரில் மட்டும் வேலை செய்யும்.

அடாப்டரைக் கையில் எடுத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இந்தியாவில் விற்பதென்றால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டு, எடை. 36 வாட் என்று எழுதியும் பென் டிரைவ் போல லேசாக இருந்தால் உள்ளே இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரும் வடிகட்டிகளும் இல்லை.

உள்ளே இருப்பது

ஹப்பைத் திறக்காமலே சிப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். மேலே சொன்ன மென்பொருளே தயாரிப்பாளர் எண்ணைக் காட்டும். ஜெனிசிஸ் லாஜிக்கின் ஜிஎல்3510, விஐஏ லேப்ஸின் விஎல்817, ரியல்டெக்கின் ஆர்டிஎஸ்5411 ஆகியவை பரவலாக வருபவை. மூன்றுமே போதுமானவை. ஹப்புக்கு ஹப் வித்தியாசம் சிப்பைச் சுற்றி வைத்த மின்சுற்றில்தான். இந்தச் சிப்கள் 4 போர்ட் சிப்கள். 7 போர்ட் ஹப் என்பது இரண்டு சிப். ஒன்றின் ஒரு போர்ட்டில் இன்னொன்று தொங்குகிறது. 10 போர்ட் என்றால் மூன்று. ஆக, ஒரு ஹப்பின் பின்னால் இன்னொரு ஹப்பை மாட்டும்போது நீங்கள் எண்ணுவதைவிட அடுக்கு சீக்கிரம் ஏறும். கணினிக்கும் சாதனத்துக்கும் நடுவில் அதிகபட்சம் 5 ஹப்தான் யுஎஸ்பி அனுமதிக்கிறது.

பாதுகாப்பு எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. நல்ல ஹப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி பவர் ஸ்விட்ச் சிப் இருக்கும். ஒரு பென் டிரைவ் ஷார்ட் ஆனால் அந்தப் போர்ட் மட்டும் அணையும். மலிவான ஹப்பில் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாலிஃப்யூஸ் (மின்னோட்டம் மிஞ்சினால் தடுக்கும் ஃப்யூஸ்), அல்லது அதுவும் இல்லாமல் நேர் வயர். அங்கே ஒரு சாதனம் தடுமாறினால் ஏழும் சேர்ந்து விழும். இதை வாங்கும் முன் அறிய ஒரு வழி, அந்த மாடல் லினக்ஸின் ‘யுஹப்கண்ட்ரோல்’ (uhubctl) கருவியில் போர்ட் போர்ட்டாக மின்சாரத்தை அணைக்க ஒத்துழைக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்படி ஒத்துழைத்தால் தனித்தனி ஸ்விட்ச் இருக்கிறது என்று அர்த்தம். மேலே பொத்தான் வைத்த ஹப்கள் வேறு. அது கையால் அழுத்தும் சாதாரண ஸ்விட்ச். ஆனால் அதுவும் பயனுள்ளதே: டிஸ்க்குகளை ஐந்தைந்து நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுப்பலாம், உச்ச மின்னோட்டம் ஒருசேர வராது.

பின்னோட்டம் என்ற கோளாறு இதைவிட மோசம். ஹப்பின் அடாப்டர் தரும் 5 வோல்ட், கீழே சாதனங்களுக்கு மட்டுமே போக வேண்டும். மேலே கணினிக்குத் திரும்பக்கூடாது. நடுவில் ஒரு தடுப்பு வைக்க வேண்டும். செலவைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். விளைவு, கணினியை அணைத்த பிறகும் ஹப் வழியாக மின்சாரம் ஏறி மதர்போர்டு விளக்கு மங்கலாக எரியும், சில வேளை மறுபடி ஆன் ஆகாமல் அடம் பிடிக்கும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் இது இன்னும் தொல்லை. அணைத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே அரை உயிரோடு கிடக்கும்.

சோதிப்பது எளிது. ஹப்பை எந்தக் கணினியிலும் மாட்டாதீர்கள். அதன் அடாப்டரை ஆன் செய்யுங்கள். கணினிக்குப் போக வேண்டிய ஏ முனையை யுஎஸ்பி மீட்டரின் வெளியீட்டுப் பக்கத் துளையில் செருகுங்கள். மீட்டரின் திரை எரிந்து 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பின்னோட்டம் இருக்கிறது, திரும்பக் கொடுத்துவிடுங்கள். இருண்டே இருந்தால் நல்ல ஹப். லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும் டைப்-சி ஹப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது மேலே மின்சாரம் கொடுக்கவே செய்தது.

சிலர் தடுப்பாக, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை வைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். ஷாட்கி டயோடு 0.3 வோல்ட்டைத் தின்னும். அது சாதனங்களுக்குப் போகும் வழியில் அமைந்திருந்தால் அடாப்டர் 5 வோல்ட் கொடுத்தாலும் போர்ட்டில் 4.7-தான் இருக்கும். பளு இல்லாமலே அப்படி என்றால் டிஸ்க் ஏறியதும் என்ன ஆகும் என்று அடுத்த பகுதியைப் பார்த்தால் புரியும்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ள: பை 4-இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர். பை 5-இல் 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் 1.6 ஆம்பியர்; 3 ஆம்பியர் அடாப்டர் என்றால் மொத்தமே 600 மில்லி ஆம்பியர். ஒரு டிஸ்க் எழும்பவே போதாது. இரண்டு டிஸ்க் வைத்து வீட்டு சர்வர் அமைக்க ஹப் கட்டாயம். பைக்கு வரும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறியோ எச்சரிக்கையோ வரும். அது ஹப்பின் குறையல்ல, பையின் சொந்த அடாப்டரை மாற்ற வேண்டும். பைக்கு மின்சாரமும் அதே ஹப்பின் போர்ட்டிலிருந்து எடுக்கும் யோசனை வேண்டாம்.

கேபிளில் போகும் வோல்ட்

நல்ல ஹப், நல்ல அடாப்டர், ஆனாலும் டிஸ்க் விழுகிறது என்றால் கேபிள். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு மெல்லிய கேபிளைத் தொட மாட்டீர்கள். மலிவான கேபிளில் மின்சார வயர் 28 கேஜ். கேஜ் எண் கூடினால் வயர் மெல்லியது. அதற்கு மீட்டருக்கு 0.213 ஓம் தடை. 1 மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் வேண்டும், ஆக 2 மீட்டர் செம்பு, 0.426 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினால் 0.64 வோல்ட் அதிலேயே போய்விடும். ஹப்பில் 5 வோல்ட் இருந்தாலும் என்விஎம்இ பெட்டிக்குப் போய்ச் சேர்வது 4.36. அதே நீளத்தில் 24 கேஜ் வயர் என்றால் இழப்பு 0.25 வோல்ட், போய்ச் சேர்வது 4.75. வித்தியாசம் வயரின் தடிமன் மட்டும்தான்.

கேபிளின் உடம்பிலேயே சில சமயம் அச்சிட்டிருப்பார்கள்: 28 என்று ஒரே எண் இருந்தால் எல்லா வயரும் மெல்லியது, 28-உம் 24-உம் சேர்ந்திருந்தால் மின்சார வயர் 24. எதுவும் அச்சிடவில்லை என்றால் அரை மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். டிஸ்க்குடன் வந்த குட்டைக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமானதை மாட்டுவதுதான் பலரும் தாங்களே வரவழைத்துக்கொள்ளும் கோளாறு. நீளம் வேண்டுமென்றால் கணினிக்கும் ஹப்புக்கும் நடுவில் வையுங்கள். அங்கே டேட்டா மட்டுமே முக்கியம், 3.0 வேகத்துக்கு 2 மீட்டருக்குள் நிறுத்துங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் செய்துவிடுங்கள். மீட்டரைச் சாதனத்தின் கேபிளுக்கு முன் மாட்டி, எதுவும் ஓடாதபோது வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், 5-லிருந்து 5.2-க்குள் இருந்தால் நன்று. 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டர் வேண்டாம். பிறகு உங்கள் எல்லாச் சாதனங்களையும் செருகி, இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில் பெரிய கோப்பு ஒன்றை 10 நிமிடம் நகலெடுங்கள். மீட்டர் 4.75-க்கு மேலே நின்றால் கவலையில்லை. 4.6 பக்கம் வந்தால் கேபிளில் இழக்க இடமில்லை, தடித்த வயர் உள்ள குட்டைக் கேபிளை மாட்டுங்கள். 4.5-க்குக் கீழே போனால் ஹப்போ அடாப்டரோ போதவில்லை. நகலெடுத்து முடித்ததும் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அது தன் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

விலையுயர்ந்த டிஸ்க்கைப் பணயம் வைக்காமல் சோதிக்க 4.7 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் போதும். சென்னை ரிச்சி தெருவில் எந்த உதிரிபாகக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு நடுவில் ரெசிஸ்டரை இணையுங்கள். பச்சை, வெள்ளை வயர்களைத் தனியே டேப் சுற்றிவிடுங்கள். 5 வோல்ட்டை 4.7 ஆல் வகுத்தால் 1.06 ஆம்பியர், டிஸ்க் எழும்பும் பளுவுக்கு ஏறக்குறைய சமம். இப்படி மூன்று செய்து மூன்று போர்ட்டில் செருகினால் 3.2 ஆம்பியர். நாலாவது போர்ட்டில் மீட்டரை வைத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ரெசிஸ்டர் தொட்டால் தோல் பொசுங்கும் அளவு கொதிக்கும், தரை ஓட்டின்மேல் வைத்து 2 நிமிடத்தில் கழற்றுங்கள். சில ஹப்கள் கணினியோடு இணைந்திருந்தால்தான் போர்ட்டைத் திறக்கும்; மின்சாரமே வராவிட்டால் அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கரண்ட் போனால்

நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஹப்புக்கு இல்லை. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லேப்டாப் எதுவும் நடக்காததுபோல ஓடும். ஹப் மட்டும் அடாப்டரை இழந்து, லேப்டாப் போர்ட்டிலிருந்து வரும் 900 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். அதே நொடியில் டிஸ்க்குகள் விழும். எழுதிய கோப்பு அரைகுறை, சில சமயம் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற டிஸ்க்கின் அட்டவணையே சிதையும். ஆகவே ஹப்பின் அடாப்டரை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்; 30, 40 வாட் என்பது யுபிஎஸ்ஸுக்கு ஒரு பொருட்டே அல்ல. வீட்டு இன்வெர்ட்டர்தான் இருக்கிறது என்றால் அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் வைத்தால் மாறும் இடைவெளி குறையும். மாட்டிய பிறகு டிஸ்க்கைச் சும்மா ஓடவிட்டு மெயின் ஸ்விட்ச்சை ஒருமுறை அணைத்துச் சோதியுங்கள், எழுதும்போது வேண்டாம்.

கடைசியாக ஒரு ஸ்டிக்கர் வேலை. 5 வோல்ட் ஹப்பின் அடாப்டர் முனையும் 12 வோல்ட் ரௌட்டரின் அடாப்டர் முனையும் பெரும்பாலும் ஒரே 5.5 × 2.1 மில்லிமீட்டர். மாற்றிச் செருகினால் அழகாகப் பொருந்தும். கூடுதல் வோல்டேஜைத் தடுக்கும் அமைப்பு இல்லாத 5 வோல்ட் ஹப்பில் 12 வோல்ட் ஏறினால் ஹப்போடு அதில் மாட்டிய டிஸ்க்குகளின் போர்டும் புகைந்துவிடும். ஹப்பின் துளைக்குப் பக்கத்திலும் அடாப்டர் முனையிலும் ஒரே நிற டேப் சுற்றி, வோல்ட்டை மார்க்கரில் எழுதிவிடுங்கள். ஹப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.